ஐந்தின் மீது ஒரு புள்ளி

2020 ஊரடங்கில் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டேன். நான்கு நாளில் கிளம்பிவிடலாம் என்று போனவன் நாலு மாசம் இருந்தேன். பகலில் லேப்டாப்பில் வேலை, ராத்திரியானால் அக்கா மகனோடு பப்ஜி. அவனுக்கு அப்போது பதினான்கு வயது. சில வாரங்களிலேயே என் வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு வலி தொடங்கியது. முதலில் நரம்பு இழுப்பதுபோல இருந்தது. பிறகு காபி டம்ளரைத் தூக்கினாலே சுரீரென்றது. அக்கா திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டாள். "முப்பது வயசுல வர்ற வியாதியாடா இது?"

என்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆடுகிறவன் அவன். அவனுக்கு ஒரு வலியும் இல்லை. ஒருநாள் நான் ஆடும்போது திரையை விட்டுவிட்டு என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மாமா, நீங்க அமுக்குறீங்க. அமுக்க வேணாம், தொட்டா போதும்."

எனக்கு அது தெரியாததல்ல. நம் போன்களின் கண்ணாடிக்கு அழுத்தம் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் ஓடும் மெல்லிய மின்கம்பி வலையில், விரல் படும் இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் போன் கவனிக்கிறது. பூப்போல வைத்தாலும் ஒன்றுதான், ஆணி அடிப்பதுபோல குத்தினாலும் ஒன்றுதான். இது என் மூளைக்குத் தெரியும். கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. எதிரி முன்னால் வந்து நின்றதும் அது பதறிப்போய் கண்ணாடியை அமுக்குகிறது. இந்த அமுக்குகிற புத்தி அதற்கு எங்கிருந்து வந்தது?

*

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செல்போன் அப்பாவின் நோக்கியா 1100. 2003-ல் வெளிவந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்ற போன். தலையில் ஒரு டார்ச். தூசி உள்ளே போகாதபடி ஒரே ரப்பர் விரிப்பாகச் செய்த கீபேட். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட வருடங்களில் அந்த டார்ச்சுக்கு எங்கள் வீட்டில் நல்ல வேலை இருந்தது. வெளிச்சம் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் போன் என் கைக்கு வரும். பாம்பு விளையாட்டு. 2 மேலே, 8 கீழே, 4 இடது, 6 வலது.

பாம்பு நீள நீளக் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே முடியாது. ஆனால் ஒருமுறைகூட நான் கீபேடைக் குனிந்து பார்த்ததாக நினைவில்லை. இருட்டில் கட்டைவிரல் தானாகவே போகும், தானாகவே நடுவுக்குத் திரும்பி வரும். அதற்குக் காரணம் 5-ஆம் எண்ணின் மேல் இருந்த ஒரு சின்னப் புடைப்பு. கடுகளவுதான் இருக்கும். பார்வையற்றவர்கள் எண்களைத் தடவிக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலேயே இடம்பெற்றிருக்கிறது. கட்டைவிரலுக்கு அந்தப் புள்ளிதான் வீடு. அங்கிருந்து நான்கு திசைக்கும் ஒரே தூரம்.

அந்த எண்களின் அடுக்கையும் யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், சுழற்றும் டயலுக்குப் பதிலாகப் பட்டன் வைத்த தொலைபேசியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் குழு, பட்டன்களை வட்டமாக, வரிசையாக, கட்டமாக என்று பல விதமாக அடுக்கி மனிதர்களைக் கூப்பிட்டு அமுக்கவைத்துப் பார்த்தது. எதில் வேகம், எதில் தப்பு குறைவு, பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், எவ்வளவு ஆழம் உள்ளே போகவேண்டும் என்றெல்லாம் அளந்தார்கள். 1960-ல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 1963 நவம்பரில் பட்டன் தொலைபேசி சந்தைக்கு வந்தது. கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும், போனில் 1, 2, 3 மேலே இருக்கும், கவனித்திருப்பீர்கள். போனுக்கு அந்த வரிசை அங்கேதான் நிலைபெற்றது.

அவர்கள் யாரும் பாம்பை நினைத்திருக்க வாய்ப்பில்லை. 1997-ல் நோக்கியா 6110-க்காக டானேலி அர்மன்டோ என்ற பொறியாளர் பாம்பு விளையாட்டை எழுதினார். எண்கள் இருந்த அடுக்கில் ஒரு சிலுவை ஏற்கெனவே ஒளிந்திருந்தது: நடுவில் 5, சுற்றிலும் 2, 4, 6, 8. நம்பர் போடச் செய்த பலகை அப்படித்தான் விளையாட்டுப் பலகை ஆனது.

*

அந்தச் சிலுவையை வேண்டுமென்றே செய்தவர் இன்னொருவர். நின்டெண்டோவின் குன்பேய் யோகோய். ரயிலில் போகும்போது ஒரு அலுவலகக்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு பற்றிய யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசை வந்தது. 1982-ல் அதே வரிசையில் 'டாங்கி காங்' விளையாட்டை இரண்டு திரையோடு, புத்தகம்போல மடிக்கும் கருவியாகச் செய்யவேண்டியிருந்தது. ஜாய்ஸ்டிக் வைத்தால் மூட முடியாது. அதனால் தட்டையான ஒரு பிளஸ் குறி. ஒரு பக்கம் அமுக்கினால் எதிர்ப்பக்கம் லேசாக எழும். நான்கு முனைகளையும் விரல் ஒரே இடத்தில் இருந்தபடி உணரும். 1989-ல் வந்த கேம் பாய் உட்பட, அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளில் அந்தப் பிளஸ் குறி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

பட்டன் செய்யும் பெரிய உதவி கைக்கு இல்லை, கண்ணுக்கு. விரல் எங்கே இருக்கிறது என்று கண் கவலைப்படவேண்டியதில்லை. தொட்டவுடன் இடம் தெரிகிறது, அமுக்கியவுடன் அமுங்கியது தெரிகிறது. 'வேலை முடிந்தது' என்று பட்டன் விரலுக்குத் திருப்பிச் சொல்கிறது. சொன்னதும் விரல் நிறுத்திக்கொள்கிறது.

இதை எழுதும்போது பழைய நாள் ஏக்கம் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் பட்டன்கள் விளையாட்டுக்கு அப்படியொன்றும் உசத்தி இல்லை. பல போன்களால் ஒரே நேரத்தில் இரண்டு பட்டன்களைப் புரிந்துகொள்ள முடியாது. ஓடிக்கொண்டே குதிக்கவேண்டும் என்றால் தீர்ந்தது கதை. பாம்பு நன்றாக இருந்ததற்குக் காரணம், அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பட்டனைத்தான் கேட்டது.

விளையாட்டுக்கென்றே பட்டன் வைத்த போனும் வந்தது. 2003 அக்டோபரில் நோக்கியாவின் என்-கேஜ். நடுவில் திரை, ஒரு பக்கம் பிளஸ் குறி, இன்னொரு பக்கம் எண்கள். பேசவேண்டும் என்றால் போனின் விளிம்பைக் காதில் வைக்கவேண்டும். பார்ப்பவர்களுக்கு ஏதோ தின்பண்டத்தைக் காதில் சொருகியதுபோல இருக்கும். விளையாட்டு அட்டையை மாற்ற போனை அணைத்து, மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுக்கவேண்டும். அடுத்த வருடமே இந்தக் குறைகளைச் சரிசெய்து இன்னொரு மாடல் விட்டார்கள். அதற்குள் உலகம் சிரித்து முடித்திருந்தது.

*

தொடுதிரை நேற்று வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் அரசு ரேடார் ஆய்வு நிலையத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன், விரல் பட்டால் உணரும் திரையைப் பற்றி 1965-லேயே எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக யோசித்த கருவி அது. பட்டன் தொலைபேசி சந்தைக்கு வந்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரு வயசுக்காரர்கள்.

ஆனால் கட்டைவிரல் வலியோடு உட்கார்ந்து நான் படித்ததில் என்னை நிறுத்தியது வேறொருவர் கதை. வெய்ன் வெஸ்டர்மன், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். விசைப்பலகையில் தட்டித் தட்டி அவர் கைகள் பழுதாகிவிட்டன. அமுக்கவே தேவையில்லாத, தொட்டாலே போதும் என்கிற ஒரு பரப்பை உருவாக்க முனைந்தார். ஒரே நேரத்தில் பல விரல்களை அறியும் பரப்பு. 1999-ல் அதில் முனைவர் பட்டம் முடித்தார். தன் பேராசிரியர் ஜான் எலியாஸோடு சேர்ந்து ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார். 2005-ல் ஆப்பிள் அதை வாங்கியது.

அமுக்க முடியாமல் போன ஒரு கையிலிருந்து வந்த நுட்பத்தின் மேல்தான் நான் அமுக்கி அமுக்கி என் கையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்!

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அப்போது புழக்கத்தில் இருந்த நான்கு போன்களின் படத்தைத் திரையில் காட்டினார். நோக்கியாவும் பிளாக்பெர்ரியும் அதில் இருந்தன. அவர் வாதம் எளிமையானது: இந்தப் பட்டன்கள் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் அங்கேயே இருக்கும், ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு விதமான பட்டன் வேண்டியிருக்கும்போது பிளாஸ்டிக்கை எப்படி மாற்றுவது? மறுக்க முடியாத வாதம்தான். கண்ணாடி எதுவாகவும் மாறும். ஆனால் எதுவாகவும் மாறக்கூடிய ஒன்றின் மேல் புள்ளி வைக்க முடியாது. 5 எங்கே இருக்கும் என்பதே நிச்சயமில்லாதபோது எதன்மேல் வைப்பது?

*

முதலில் விளையாட்டுக்காரர்கள் செய்தது, பழைய பட்டன்களைக் கண்ணாடியில் படமாக வரைந்தது. கீழே இடது மூலையில் ஒரு பிளஸ் குறி, வலது மூலையில் இரண்டு வட்டம். 2009-ல் ஜான் கார்மக் தன்னுடைய பழைய வுல்ஃபென்ஸ்டீன் 3டி, டூம் விளையாட்டுகளை ஐபோனுக்குக் கொண்டுவந்தபோது, கட்டுப்பாடுகளைப் பல விதமாக அமைத்துக்கொள்ள வழி வைத்தார். அவ்வளவு தேர்ந்த கைகூடத் தடவிப் பார்த்துத்தான் வழி கண்டது. வரைந்த பட்டனில் விரல் வழுக்கும். வழுக்கியது விரலுக்குத் தெரியாது. பாத்திரம் சுவரில் முட்டி நின்ற பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். போதாக்குறைக்கு விரலே திரையின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கும்.

அதே வருடம் டிசம்பரில், பட்டன் போலவே இல்லாத ஒன்று வந்தது. பின்லாந்தின் ரோவியோ. நோக்கியாவும் எச்.பி.யும் ஆதரவளித்த ஒரு செல்போன் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்த மாணவர்கள் 2003-ல் தொடங்கிய நிறுவனம். பட்டன் போன்களுக்கு விளையாட்டு எழுதிப் பழகியவர்கள். அவர்களுடைய 52-ஆவது விளையாட்டு 'ஆங்ரி பேர்ட்ஸ்'. உண்டிவில்லைப் பிடித்து இழுக்கிறோம், விடுகிறோம். அவ்வளவுதான். அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்து 'ஃப்ரூட் நின்ஜா' வந்தது. விரலே கத்தி. 2011-ல் 'டெம்பிள் ரன்'. இடப்பக்கம் இழுத்தால் திரும்பும், மேலே இழுத்தால் குதிக்கும், கீழே இழுத்தால் சறுக்கும்.

இவை ஜெயித்த ரகசியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டனுக்கு 'எங்கே' என்பது முக்கியம். விரலை இழுப்பதற்கு 'எந்தப் பக்கம்' என்பது மட்டும் போதும். டெம்பிள் ரன்னில் திரையின் எந்த மூலையில் இழுத்தாலும் ஆள் திரும்புவான். விரலுக்கு வீடே தேவையில்லை. கண்ணாடியால் தர முடியாத ஒன்றைக் கேட்பதை விளையாட்டு நிறுத்திக்கொண்டது. தொடுதிரை பட்டனைத் தோற்கடித்தது என்று சொல்வது வழக்கம். என் வாசிப்பில், பட்டன் தேவைப்படாத விளையாட்டுகளை மனிதர்கள் கண்டுபிடித்தார்கள், அதுதான் நடந்தது. எங்கள் அம்மா தன் வாழ்நாளில் ஒரு வீடியோ கேமைத் தொட்டவள் இல்லை. ஃப்ரூட் நின்ஜாவில் என்னைத் தோற்கடித்தாள். அருவாமனையில் ஐம்பது வருடம் காய் நறுக்கிய கை.

*

பட்டனை விட மனம் வராதவர்களும் இருந்தார்கள். 2011-ல் சோனி எரிக்சன் 'எக்ஸ்பீரியா ப்ளே' என்ற போனை விட்டது. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து முழு விளையாட்டுப் பலகையும் வெளியே வரும். அமெரிக்காவில் சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது அதற்கு ஒரு விளம்பரம் போட்டார்கள். இருட்டறையில் ஆண்ட்ராய்டு பொம்மைக்கு மனிதக் கட்டைவிரல்களை வைத்துத் தைக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் அருவருப்பாகவே இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர் செய்த விளம்பரம். போன் ஓடவில்லை. அரை மணி நேர விளையாட்டுக்காக நாள் முழுக்கக் கனமான போனைச் சட்டைப்பையில் சுமக்கப் பெரும்பாலோர் தயாராக இல்லை. இரண்டு கருவி வைத்துக்கொள்ள முடியாத ஊர்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போன்தான். அதில் வங்கியும் பாட்டும் பாடமும் இருக்கவேண்டும். பட்டன் தோற்றது அந்தக் கணக்கில்.

அந்தக் கணக்கு நம் ஊர்ப்பக்கமும் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். விலை குறைந்த பட்டன் போன்கள்தான் அங்கே அதிகம் உருவாயின. 2014-ல் நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கு காரணமாக இந்த ஆலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. வழக்கு உடனடிக் காரணம். ஆனால் அதற்கு முன்பே உலகம் கண்ணாடிக்கு மாறத் தொடங்கிவிட்டது. பாம்பு விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சின்ன வயசு ஞாபகம் வருகிறது. அந்தப் பட்டன்களைப் பொருத்திய கைகளுக்கு வருவது வேறு ஞாபகமாக இருக்கும்.

*

2018-ல் பப்ஜி செல்போனுக்கு வந்தபோது பழைய பிரச்சினை புதுசாகக் கிளம்பியது. நடக்க, சுற்றிப் பார்க்க, குறி வைக்க, சுட, குதிக்க, குனிய என்று எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். கட்டைவிரல்களோ இரண்டுதான். 'எந்தப் பக்கம்' என்பது மட்டும் இங்கே போதாது, மறுபடியும் 'எங்கே' வேண்டும்.

நம் பையன்கள் அதற்கு விதவிதமாக வழி கண்டார்கள். ஆள்காட்டி விரல்களை வளைத்துத் திரைக்கு மேலே கொண்டுவந்து நான்கு விரலில் ஆடுவது ஒன்று. 'கிளா' என்பார்கள், நண்டு பிடிப்பதுபோல இருக்கும். போனையே சாய்த்துக் குறி வைப்பது இன்னொன்று. வியர்த்த விரலைக் கண்ணாடி சரியாக உணராது என்பதால் பவுடர் போட்டுக்கொள்வது, மின்சாரம் கடத்தும் நூல் கலந்த விரலுறை மாட்டிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே, போனின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் 'ட்ரிக்கர்'. பிளாஸ்டிக் விசையை இழுத்தால் மறுமுனை கண்ணாடியைத் தொடும். யோசித்துப் பாருங்கள், இத்தனை கோடி செலவில் அகற்றிய பட்டனை, பையன்கள் நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

கண்ணாடி செய்தவர்களும் சும்மா இல்லை. 2015-ல் ஆப்பிள் தன் திரைக்கு அழுத்தத்தை உணரக் கற்றுக்கொடுத்தது. 2019-ல் வந்த மாடல்களில் அது போய்விட்டது. 2016-ல் ஐபோன் 7-இன் கீழ்ப் பட்டனை அசையாத ஒன்றாக மாற்றினார்கள். அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் துடித்து, அமுங்கியதுபோல விரலை ஏமாற்றும். ஏமாற்றவாவது வேண்டியிருக்கிறது இல்லையா? விரல் ஒரு பதிலை எதிர்பார்க்கிறது.

அந்தப் பதில் கிடைக்காததால்தான் என் விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ரப்பர் பட்டனில் 'போதும்' என்ற சொல் அடியில் காத்திருக்கும். கண்ணாடிக்கு அடி கிடையாது. அக்கா மகனின் விரல் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அதனால் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

அந்த வருடம் செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் கட்டைவிரல் குணமானது.

*

இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அப்பாவின் 1100-ஐ எடுத்துப்போனேன். பேட்டரி உப்பியிருந்தது. அந்த மாடல் பேட்டரி இன்னும் சின்ன ரேடியோக்களில் ஓடுவதால் கடையில் கிடைத்துவிட்டது. அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். பாம்பைத் திறந்து கொடுத்தேன்.

பாவம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் குனிந்து கீபேடைப் பார்த்தான். நிமிர்வதற்குள் பாம்பு செத்துப்போனது. நான்கு முறை. "எப்படி மாமா இத ஆடுனீங்க?"

"கீழ பாக்காத. கண்ண மூடு. நடுவுல தடவு."

கண்ணை மூடிக்கொண்டு தடவினான். விரல் ஒரு இடத்தில் நின்றது. "ஏதோ புள்ளி மாதிரி இருக்கு."

"அங்கயே விரல வெச்சுக்க. அங்க இருந்து போ, அங்கயே திரும்பி வா."

அடுத்த பத்து நிமிடம் அவன் குனியவில்லை. பாம்பு திரையில் பாதியை அடைத்துக்கொண்டது. எனக்கு இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு இருட்டு அறை ஞாபகம் வந்தது. திடீரென்று போனைக் கீழே வைத்துவிட்டு கையை உதறினான்.

"என்ன மாமா இது, இவ்ளோ அமுக்கணுமா? கட்டவிரல் வலிக்குது."

அக்காவிடம் தைலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.